உசுரு மட்டும்

புழு நாலாவது தோல் உரித்து எழுந்த அன்றைக்குத்தான் மாதுஸ்ரீக்குக் காய்ச்சல் கண்டது.

நாலாவது உரிப்புக்குப் பிறகு பட்டுப்புழுவுக்கு வருகிற பசியை வளர்த்தவர்கள்தான் அறிவார்கள். சுண்டுவிரல் தடிமனுக்கு ஊதிக்கொண்டு, போட்ட மல்பெரித் தழையைக் குச்சி மிஞ்சத் தின்றுவிட்டு, அடுத்த தீனிக்குத் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஷெட்டுக்கு வெளியே நின்றால் உள்ளே தூறல் விழுவது போலச் சத்தம் கேட்கும். அது கூடு கட்டப் போகும் வரைக்கும் பூவரசன் வீட்டில் யாரும் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டது கிடையாது.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரிக்குப் போகிற ரோடு மலை ஏறுவதற்கு முன்னால், இடது பக்கம் பிரியும் மண் பாதையில் இருந்தது அந்த வீடு. ஓடு போட்ட ரெண்டு அறை, அதை ஒட்டிப் புழு ஷெட்டு. பின்னால் மல்பெரித் தோட்டம், கிணறு. கிணற்று மேட்டு வேப்ப மரத்தடியில் முனியப்பன் என்று நட்டு வைத்த மூன்று கல். தை மாதம் ஒரு பொங்கல் வைப்பதோடு சரி, மற்ற நாளில் பூவரசன் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. கும்பிடுவது மனைவி நிர்மலாவின் வேலை என்று விட்டிருந்தான். அவளும் புழு வீட்டில் இருக்கிற நாட்களில் விளக்கு மட்டும் ஏற்றுவாள். ஊதுபத்தி, கற்பூரம், கொசுவர்த்தி எதுவும் கிடையாது. புகை பட்டால் புழு தீனி எடுக்காமல் தலையைத் தொங்கப் போட்டுவிடும்.

மகள் மாதுஸ்ரீ மூன்றாம் வகுப்பு. குலசாமி மாதேஸ்வரன் பேரை வைக்க வேண்டும் என்று பூவரசனின் அக்காள் மாதம்மாள் ஒற்றைக் காலில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் நன்றாக இருக்க வேண்டும் என்று நிர்மலா நின்றாள். ரெண்டு பேர் பிடிவாதமும் சேர்ந்து வந்த பேர் அது. புழுவை எடுத்துப் புறங்கையில் விட்டுக்கொண்டு, அது முழங்கை வரைக்கும் ஊர்ந்து வருகிற மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை.

"மழையில நனைஞ்சிருப்பா" என்று முதல் நாள் மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் பூவரசன் அவளைப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போய் ஊசி போட்டுக் கூட்டி வந்தான். மாலையில் தலை வலிக்கிறது என்று அழுதாள். அதற்கடுத்த நாள் விடியக்காலையில் நிர்மலா தழை அள்ளப் போகும்போது பிள்ளையின் கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகிக்கொண்டது. ஆம்புலன்ஸ் வந்து தருமபுரிக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து அன்றைக்கே சேலத்துக்கு அனுப்பினார்கள்.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி. பிள்ளையைக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பெண் டாக்டர் ஒருத்தி வெளியே வந்து, மூளைக் காய்ச்சல் என்று சொன்னாள்.

"எதனாலங்க வருது?" என்று பூவரசன் கேட்டான்.

"கொசுவால வந்திருக்கலாம். வேற காரணமும் இருக்கலாம். டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்."

அதற்கப்புறம் அவள் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை. வெளியே காரிடாரில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெற்றவர்கள் மத்தியில் அவனும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நிர்மலா என்ன என்று ஜாடையில் கேட்டாள்.

"கொசுவர்த்தி வெக்கல இல்ல, நாம" என்றான்.

"ஊருல யாரு வெச்சாங்க. அதைப் போட்டு இப்ப மனசுல ஏத்திக்காதீங்க."

"கொசு வலை வாங்கி வெச்சது மூலையில கெடக்குது."

"வேர்க்குதுன்னு அவளே தூக்கி எறிஞ்சிட்டாங்க. உடுங்க."

ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான் இருக்கலாம் என்று செக்யூரிட்டி வந்து சொன்னான். நிர்மலா கட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"நீங்க போங்க. இங்க நின்னு என்ன பண்ணப் போறீங்க. அக்கா ஒத்த ஆளு அத்தனை புழுவுக்கு எப்பிடித் தழை போடும்."

"புழு கெடந்தா கெடக்குது."

"அதுங்களும் வாயில்லாத சீவனுங்கதானே. போங்க. ஏதாச்சும்னா போன் பண்றேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாமிகிட்ட சொல்லுங்க. எனக்கு இங்க வாயே வர மாட்டங்குது. கண்ணை மூடுனா அவ இழுத்துக்கிட்டு கெடந்ததுதான் வருது. நீங்க சொல்லுங்க" என்றாள்.

கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவள் அவனிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

அவன் ஊர் வந்து சேர்ந்தபோது மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பகலில் ரெண்டு மணி நேரம் வெயில் சுள்ளென்று அடிப்பதும், பொழுது சாய்ந்ததும் குளிர் இறங்குவதுமாக, புழுவுக்கு ஆகாத பருவம். மாதம்மாள் முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு, ஈரத் தழையை ஷெட்டு வாசலில் உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஈரத்தோடு போட்டால் புழுவுக்கு வயிறு போகும். டேபிள் ஃபேனை வெளியே இழுத்து வைத்துத் தழை மேல் காற்று விட்டிருந்தாள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் தனியாகக் குடியிருப்பவள். தம்பியை விடப் பத்து வயசு மூத்தவள்.

"பொண்ணு எப்பிடிடா இருக்கா?"

"உள்ளாற வெச்சிருக்காங்க. யாரையும் உட மாட்டங்கறாங்க."

"பேசுனாளா?"

"இல்ல."

மாதம்மாள் மறுபடி தழையை உதற ஆரம்பித்தாள். பூவரசன் ப்ளீச்சிங் தண்ணியில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான். ஈரக் குச்சியின் பச்சை வாசனையும் புழுக்கழிவின் வாசனையும் முகத்தில் அடித்தது. தட்டுக்குத் தட்டு வெள்ளை வெளேர் என்று புழு. தழையைக் கிளையோடு பரப்ப ஆரம்பித்தான். ஒரு தட்டு முடிந்து அடுத்ததற்குப் போவதற்குள் முதல் தட்டில் சத்தம் கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க அவனுக்கு ஒரு வெறுப்பு ஏறியது. இதுகளுக்காகத்தான் வீட்டில் புகை போடாமல் இருந்தது என்று நினைத்தான். கை நிற்கவில்லை. தழையைப் போட்டுக்கொண்டே இருந்தான்.

ராத்திரிக்கு மாதம்மாள் களி கிண்டி, கீரை கடைந்து கொண்டுவந்து வைத்தாள். அவன் ஒரு உருண்டையைப் பிய்த்து வாயில் போட்டு விழுங்க முடியாமல் தண்ணி குடித்தான்.

"முழுங்குடா. நீயும் படுத்துக்கிட்டா யாரு பார்க்கறது."

"எறங்கலக்கா."

"நான் முனியப்பனுக்கு ஒரு கெடா நேர்ந்துக்கிட்டேன். மாதேஸ்வரன் மலைக்கு வந்து முடி எறக்கறேன்னும் சொல்லிருக்கறேன். என் முடிதான். அவ முடி வளர்ந்து வர்ற முடி, அதைக் கேக்காதன்னு சொல்லிட்டேன்."

"அது கேக்குமா?"

"கேக்கறதும் கேக்காததும் அதும்பாடு. சொல்றது நம்ம பாடு."

மறுநாள் நிர்மலாவிடமிருந்து ரெண்டு தடவை போன் வந்தது. முதல் தடவை, மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள் என்றாள். அடுத்த தடவை அவள் லைனில் வந்தபோது, பின்னால் யாரோ ஒரு பெண் மெதுவாக ஓதுகிற சத்தம் கேட்டது.

"யாரு அது?"

"ரோஷன் பீ அக்கா. தருமபுரிக்காரங்க. அவங்க பொண்ணு ஷாஜியாவும் உள்ளாறதான் கெடக்குது. அதுக்கும் இதே காய்ச்சல். எனக்கும் சேர்த்துத்தான் ஓதறாங்க. டீ வாங்கியாந்து குடுத்தாங்க." பிறகு, "நீங்க சாமிகிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

அவன் பதில் சொல்வதற்குள் அவளே, "சரி வெச்சிடறேன், சார்ஜ் இல்ல" என்று வைத்துவிட்டாள்.

அவன் இன்னும் சொல்லியிருக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மத்தியானம் மழை விட்டு வெயில் ஏறியிருந்த நேரம், தழைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்தவன், கிணற்று மேட்டில் அந்த மூன்று கல்லுக்கு எதிரே நின்றான். கட்டை இறக்கக்கூட இல்லை. தழையிலிருந்து தண்ணி கழுத்து வழியாக இறங்கி முதுகில் ஓடியது.

"முனியப்பா" என்றான். அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "எனக்குக் கும்பிடத் தெரியாது. என்கிட்ட இருக்கறது இந்தப் புழுதான். இதை எடுத்துக்க. முழுக்க எடுத்துக்க. எம்பொண்ணு உசுரை மட்டும் உடு. வேற ஒண்ணும் வேணாம்."

சுற்றிலும் ஒருத்தரும் இல்லை. காடை ஒன்று மல்பெரிச் செடிக்குள்ளிருந்து எழுந்து பறந்தது. சொன்னது போதுமா, இன்னொரு முறை சொல்ல வேண்டுமா என்று யோசித்தபடி நின்றான். பிறகு கட்டைக் கொண்டுபோய் ஷெட்டு வாசலில் போட்டு உதற ஆரம்பித்தான்.

அடுத்த நாள் காலையில் முதலில் பார்த்தது மாதம்மாள்தான்.

"டேய், இங்க வா. வெரசா வா."

மேல் தட்டின் ஓரத்தில் சில புழுக்கள் தழையை விட்டு விலகி, விளிம்பிலேயே சுற்றிச் சுற்றி ஊர்ந்துகொண்டிருந்தன. உடம்பு வீங்கி மஞ்சள் பாரித்திருந்தது. தோல் எண்ணெய் தடவியது போல மினுங்கியது. ஒன்று விளிம்பிலிருந்து கீழே விழுந்து உடைந்தது. தரையில் மோர் சிந்தியது போல வெள்ளையாக ஒழுகியது.

"பால் புழு" என்றாள் மாதம்மாள். "பாழாப்போன மழையும் வெயிலும். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா கூட்டுக்கு ஏறியிருக்கும்டா."

பூவரசன் கையில் பிடித்திருந்த கிளையைக் கீழே வைத்தான். பக்கத்து ரேக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்த்து மாதம்மாள் பயந்துபோனாள். அழுவான் என்று நினைத்தாள். ஆனால் அந்த முகம் தெளிந்துகொண்டு வந்தது.

"எடுத்துக்கிச்சு" என்றான்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. நீ வெளிய வா."

"வெளிய வந்து என்ன பண்றது. அந்தக் குச்சியை எடு. வியாதிப் புழுவைப் பொறுக்கிச் சுண்ணாம்புல போட்டுடலாம். இந்த ரெண்டு ரேக்குலதான் கண்டிருக்குது. அந்தப் பக்கம் இருக்கறதெல்லாம் நல்லாத்தான் திங்குது. மருந்துப் பவுடர் தூவிட்டா பாதியாச்சும் தேறும்." அவளே ஒரு குச்சியை எடுத்துக் குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"பொறுக்காதக்கா."

"ஏன்?"

"பொறுக்க வேணாம். உட்டுடு."

"உனக்குப் புத்தி கித்தி கலங்கிப் போச்சா? எத்தனை நாள் பாடு இது."

அவன் அவள் கையிலிருந்து குச்சியை வாங்கினான். "நான் குடுத்துட்டேன்" என்றான்.

"யாருக்கு?"

"முனியப்பனுக்கு. நேத்து மத்தியானம். புழுவை முழுக்க எடுத்துக்க, பொண்ணு உசுரை உடுன்னு கேட்டேன். எடுத்துக்கிச்சு பாரு."

மாதம்மாள் அவனையே பார்த்தாள்.

"பருவம் மாறுனா பால் புழு வரத்தான் செய்யும்டா. ராஜப்பன் ஷெட்டுல போன வாரமே வந்துச்சு. அவன் என்ன சாமிக்குக் குடுத்தான்?"

"அவன் சொல்லல. நான் சொன்னேன்."

"சரி, சொன்ன. எடுத்துக்கிட்டதை எடுத்துக்கட்டும். நல்லா இருக்கறதை எதுக்குடா சாவ உடணும். சாமி வந்து உன்கிட்ட கணக்கா கேக்குது?"

"பாதிப் புழுவை நாம வெச்சிக்கிட்டு, அதுவும் பொண்ணுல பாதியை வெச்சிக்கிச்சுன்னா அப்ப என்ன பண்ணுவ?"

மாதம்மாள் கையிலிருந்த சுண்ணாம்புத் தட்டைக் கீழே வைத்தாள். அதற்கப்புறம் ஒரு புழுவைக்கூடத் தொட்டு எடுக்க அவளுக்கும் பயமாக இருந்தது.

தோட்டத்து மூலையில் குழி வெட்டினான். மழை ஊறிய மண், மண்வெட்டி இழுத்த இழுப்புக்கு வந்தது. வியாதிப் புழுவை முதலில் கொட்டினான். பிறகு நல்லதையும் தழையோடு, குச்சியோடு அன்னக்கூடையில் வாரிக்கொண்டு வந்தான். வெளிச்சம் பட்டதும் அதுகள் தலையைத் தூக்கின. குழிக்குள் விழுந்த பிறகும், ஒட்டிக்கொண்டிருந்த தழையைத் தின்றன. சுண்ணாம்பைக் கொட்டி மண்ணைத் தள்ளுகிற வரைக்கும் அந்தத் தூறல் சத்தம் குழியிலிருந்து கேட்டது. மாதம்மாள் வரப்பில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவன் மண்ணைத் தள்ளித் தள்ளி, கடைசியில் காலால் மிதித்தான். மிதித்த இடம் மெத்தென்று இறங்கியது.

ஷெட்டு காலியானதும் வீட்டில் அப்படி ஒரு நிசப்தம் விழுந்தது. அவன் முகம் கழுவி, துணி மாற்றிக்கொண்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். இனிமேல் வர வேண்டியது ஒரு போன்தான்.

அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் குழாய் அப்படியேதான் இருக்கிறது என்றாள் நிர்மலா. அதற்கடுத்த நாள் மத்தியானம் வந்தது.

"என்னங்க, கண்ணு தொறந்துட்டா."

அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"குழாயை எடுத்துட்டாங்க. தானா மூச்சு உடறா. வார்டுக்கு மாத்தறாங்களாம். உசுருக்கு இனி ஆபத்து இல்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. உசுருக்கு ஆபத்து இல்லைங்களாம்." அவள் அழுதுகொண்டே அதையே சொன்னாள்.

பூவரசன் செருப்புக்கூடப் போடாமல் கிணற்று மேட்டுக்கு ஓடினான். மூன்று கல்லுக்கு முன்னால் ஈர மண்ணில் குப்புற விழுந்தான். எழுந்தபோது சட்டை முழுக்கச் சேறு. மாதம்மாள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குள் போய் எத்தனையோ நாளுக்குப் பிறகு கற்பூரம் ஏற்றினாள். ரசம் வைத்து, சோறு குழையக் குழைய வடித்து, தூக்குப் போசியில் போட்டுக் கொடுத்தாள்.

"பிள்ளைக்கு வெறும் வயிறு. ரசத்துல கரைச்சு ரெண்டு வாய் குடு. ஜாஸ்தி குடுக்காத."

பஸ்ஸில் போசியை மடியில் வைத்துக்கொண்டு போனான். மஞ்சவாடிக் கணவாயில் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளையிடம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனான். புழு எங்கே என்று கேட்டால் கூட்டுக்கு ஏறிவிட்டது என்று சொல்லிவிடலாம்.

மாதுஸ்ரீ ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாது" என்றான்.

அவள் திரும்பவில்லை. அவன் குனிந்து அவள் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனான். அவள் பார்வை அவன் மேல் படவில்லை. அவனைத் தாண்டி எங்கேயோ நின்றது. வாயோரம் எச்சில் வழிந்தது. நிர்மலா அதை வழக்கமாகச் செய்கிற வேலை போலத் துடைத்தாள். பூவரசன் பிள்ளையின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்தான். அது அவன் கையைப் பற்றவில்லை. விரல்கள் மடங்கி இறுகி, கோழிக் கால் போல உள்பக்கம் திரும்பியிருந்தன.

"அப்பா வந்திருக்கறேன் கண்ணு."

"காது கேக்குது. ஆனா யாருன்னு தெரியலைங்களாம்" என்றாள் நிர்மலா. அவள் முகத்தில் போனில் கேட்ட சந்தோஷம் இல்லை. அழுகையும் இல்லை. அந்த அரை நாளைக்குள் அதையெல்லாம் தாண்டி வந்திருந்தாள்.

டாக்டர் வந்தபோது பூவரசன் கேட்டான். "சரியாயிடுவாளாங்க?"

"உயிருக்கு ஆபத்து இல்லைங்க. அதுவே பெரிய விஷயம். மூளையில பாதிப்பு ஆயிருக்கு. எக்சர்சைஸ் சொல்லித் தருவாங்க, விடாம பண்ணுங்க. சில பிள்ளைங்க நல்லா தேறி வருவாங்க. சில பேருக்கு நாளாகும். இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது."

உயிருக்கு ஆபத்து இல்லை. பூவரசன் அதைக் கேட்டுத் தலையாட்டினான். கிணற்று மேட்டில் தழைக் கட்டோடு நின்று சொன்ன வார்த்தை ஒவ்வொன்றாக அவனுக்கு ஞாபகம் வந்தது. உசுரை மட்டும் உடு. வேற ஒண்ணும் வேணாம். தூக்குப் போசியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தான். பிள்ளைக்கு மூக்கு வழியாகக் குழாயில்தான் கஞ்சி போய்க்கொண்டிருந்தது.

கார்த்திகை பிறந்த பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மல்பெரி வெட்டுவார் இல்லாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. ராஜப்பன் வந்து, தழையை வீணாக்க வேண்டாம், நான் வெட்டிக்கொள்கிறேன் என்று கேட்டான். பூவரசன் சரி என்றான். அவனுக்குக் கூலி வேலை கிடைத்தால் போவதும், இல்லாத நாளில் பிள்ளையின் கை காலை நீட்டி மடக்கிப் பழக்குவதுமாக நாள் போனது. ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி நிர்மலா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நல்லெண்ணெய் தேய்த்து நீவுவாள். நீவும்போது பிள்ளை சில நேரம் முனகுவாள். வலியா, வேறு எதுவுமா என்று தெரியாது. மூக்குக் குழாயை எடுத்த பிறகு ராகிக் கஞ்சியைக் கரண்டியால் வாயோரம் விட்டு, தொண்டையைத் தடவிக் கொடுத்தால் விழுங்கினாள். ஒரு டம்ளர் கஞ்சி இறங்குவதற்குள் அடுப்பில் வைத்த உலை கொதித்து அடங்கிவிடும்.

பொழுது சாய்ந்ததும் நிர்மலா விளக்கேற்றுவாள். பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் உட்காருவாள். முன்னெல்லாம் உதடு மட்டும்தான் அசையும். இப்போது வாய் விட்டுப் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலத்தான் இருக்கும். "இன்னிக்கு ஒருக்காதான் வெளிய போனா. சாயங்காலம் உடம்பு கொஞ்சம் சூடா இருந்துச்சு. தைலம் தேச்சேன்." அவ்வளவுதான். வேண்டும் என்று ஒன்றும் கேட்க மாட்டாள். பூவரசன் அந்த நேரத்தில் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவான். போகிற வழியில் கிணற்று மேட்டைப் பார்க்க மாட்டான்.

ஒரு நாள் மாதம்மாள், நேர்ந்த கிடாவை வெட்ட வேண்டும் என்று வந்து கேட்டாள்.

"எதுக்கு வெட்டணும்?" என்றான்.

"பிள்ளை பொழைச்சிருச்சு இல்லடா."

"இதுக்குப் பேரு பொழைக்கறதா?"

மாதம்மாள் எழுந்து போனாள். கொஞ்ச நேரம் கழித்து, கிணற்றடியில் பிள்ளையின் துணிகளை அலசிக்கொண்டிருந்த நிர்மலாவிடம் அவன் வந்து குந்தினான்.

"அக்கா மனசைக் கஷ்டப்படுத்திட்டீங்க" என்றாள் அவள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். புழு வியாதியில போச்சுன்னு சொன்னேனில்ல."

"ஆமா."

"பாதிதான் வியாதி. மீதியை நான்தான் குழியில போட்டேன். அதை எடுத்துக்கிட்டுப் பொண்ணைக் குடுன்னு கேட்டிருந்தேன்."

"அக்கா சொல்லுச்சு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் துணியைக் கல்லில் வைத்துக் கும்மினாள்.

"அது இல்ல நிர்மலா. நான் கேட்டதுதான் தப்பு. உசுரை மட்டும் உடுன்னு கேட்டேன். வேற ஒண்ணும் வேணாம்னு இந்த வாயாலயே சொன்னேன். அவளை முழுசாக் குடுன்னு கேட்டிருக்கணும். பழையபடி ஓடியாடணும், அப்பான்னு கூப்புடணும்னு கேட்டிருக்கணும். கேக்கத் தெரியாமக் கேட்டுட்டேன். கேட்டதைக் குடுத்துட்டுப் போயிருச்சு."

நிர்மலா துணியைப் பிழிந்தாள். பிழிந்து முடித்த பிறகும் உதறாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"நானும் அதையேதான் கேட்டேன்" என்றாள்.

"என்ன?"

"அவ எப்பிடி இருந்தாலும் பரவாயில்ல, உசுரு போதும்னுதான் கேட்டேன். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளிய உக்காந்தா வேற என்ன கேக்க வரும். அங்க இருந்த அத்தனை பேரும் அதைத்தான் கேட்டாங்க. ரோஷன் பீ அக்கா அஞ்சு வேளையும் தொழுதுட்டு, கையேந்திக்கிட்டு உசுரு மட்டும் குடு அல்லான்னு அழுதாங்க. எனக்கும் சேர்த்துக் கேட்டாங்க." நிர்மலா கையிலிருந்த துணியைப் பார்த்தாள். "மாதுவை வார்டுக்கு மாத்துன அன்னிக்கு வெடிகாலம் ஷாஜியா போயிருச்சு. நான் உங்களுக்குப் போன்ல சொல்லல. அந்த அக்கா போவும்போது என்கிட்ட வந்து, உன் பொண்ணு கண்ணு தொறந்துருச்சாமே, நல்லா பாத்துக்கம்மான்னு சொல்லிட்டுப் போனாங்க. அவங்க என்ன தப்பாவா கேட்டாங்க?"

பூவரசன் தண்ணி ஓடுகிற வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப யாரு கேட்டா என்ன, கேக்காட்டி என்ன" என்றான்.

"எனக்குத் தெரியல."

"பின்ன எதுக்கு தினமும் உக்காந்து பேசற?"

"வேற யார்கிட்டச் சொல்றது. உங்ககிட்டச் சொன்னா எந்திரிச்சுப் போயிடறீங்க. அக்காகிட்டச் சொன்னா அழுவுது. ஊருல சொன்னா, அந்த வைத்தியர்கிட்டப் போ, இந்தக் கோயிலுக்குப் போங்கறாங்க. அது ஒண்ணுதான் குறுக்க பேசாமக் கேட்டுக்குது."

அவள் துணியை உதறி முள்வேலியில் போட்டாள். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

மார்கழி பனி இறங்க ஆரம்பித்த நாட்களில் பிள்ளைக்குச் சளி பிடித்தது. இருமக்கூடத் தெம்பில்லாமல் நெஞ்சில் கர் கர் என்று இழுத்தது. ரெண்டு நாள் ராவும் பகலும் நிர்மலா அவளை நிமிர்த்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் மூச்சு கொஞ்சம் சீரானது. அன்றைக்குப் பொழுது சாய, மாதம்மாள் கொள்ளு ரசம் வைத்துக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டு, வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். பூவரசன் கட்டிலில் சாய்ந்து, பிள்ளையின் தலை விழாமல் தோளில் தாங்கிப் பிடித்திருந்தான். அவளை நிர்மலாவின் மடிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு எழுந்து போக வேண்டிய நேரம் அது. பிள்ளை அப்போதுதான் கண்ணை மூடியிருந்தாள். அசைத்தால் எழுந்துவிடுவாள் என்று அவன் அப்படியே இருந்தான்.

நிர்மலா விளக்கேற்றிவிட்டு வெறும் மடியோடு உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு" என்று ஆரம்பித்தாள்.

அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு முறை "இன்னிக்கு" என்றாள். கையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. வாசல்படியில் மாதம்மாள் எழப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தாள்.

பூவரசன் படத்தைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த பிள்ளையின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினான்.

"இன்னிக்கு இழுப்பு கொஞ்சம் அடங்கியிருக்குது. மத்தியானம் கஞ்சி குடிச்சா. பாதி வெளிய வந்துருச்சு. எண்ணெய் தேய்க்கும்போது முனகுனா." மேற்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல் நிறுத்தினான். "அவ்ளோதான்."

நிர்மலா திரும்பாமலே சொன்னாள்.

"படுத்தே இருந்து முதுகுல புண்ணு வர்ற மாதிரி செவந்திருக்குது. அதையும் சொல்லுங்க."

"முதுகுல செவந்திருக்குது" என்றான் பூவரசன்.